முன்னூறாவது சுவரொட்டி

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள் ஐயா. நீங்கள் இருக்கும் இடத்துக்கு இன்னும் பத்து நிமிடத்தில் வெயில் வந்துவிடும். இந்த நிழற்குடையில் எந்த நேரத்துக்கு எந்த மூலையில் நிழல் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த நீல ஸ்கூட்டர் உங்களுடையதுதானே? எதிர்க் கட்டிடத்து மாடிப்படியில் ஒரு பெண்ணை ஏற்றிவிட்டு வந்தீர்கள், பார்த்தேன். மகளா? சரி, சரி. என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். அந்த மாடியில் வக்கீலும் இல்லை, பல் டாக்டரும் இல்லை. தோல் கிளினிக் ஒன்றுதான். மே மாதத்தில் வயசுப் பெண்கள் அந்தப் படி ஏறுவது பெரும்பாலும் முகத்து முடிக்கு லேசர் வைக்கத்தான். இதில் நீங்கள் தலையைக் குனிய ஒன்றுமில்லை. நான் குனியவில்லை. குனியாமல் இருந்து நான் செய்ததுதான் வேறு கதை.

ஒரு நிமிடம். இந்த மூலை தூக்குகிறது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கொஞ்ச நேரம் படிந்திருக்கும். காலையில் இந்த மதிலில் நான் ஒட்டிய காதணி விழாச் சுவரொட்டி இது. யார் வீட்டு விழாவோ, அச்சகத்தில் மிச்சம் கிடந்தது, வாங்கி வந்தேன். கத்திரி வெயிலில் பசை காய்ந்து காகிதம் அப்பளம் மாதிரிச் சுருளுகிறது. கடையில் வாங்கிய பசை. என் கையால் காய்ச்சியதாக இருந்தால் இப்படி ஆகாது. அதையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகள் விஷயம். வெளியே வந்ததும் ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோகாதீர்கள். ஹெல்மெட் போட்டாலும் முகத்தில் வெயில் அடிக்கும். ஆட்டோ பிடியுங்கள். லேசருக்கு முன்னால் இரண்டு வாரம், பின்னால் இரண்டு வாரம், நேர் வெயில் படக் கூடாது. வெயிலில் கறுத்த தோலில் லேசர் வைக்கக் கூடாது, தெளியும்வரை தள்ளிப்போட வேண்டும். வெளியே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் சன்ஸ்கிரீன் தடவி, துணி மூடி, குடை பிடித்துப் போக வேண்டும். இடையில் நூல் போட்டுப் பிடுங்கக் கூடாது, மெழுகு போடக் கூடாது, பிளீச் கூடாது. ஷேவ் செய்யலாம். எரிச்சல் இருந்தால் ஐஸ் ஒற்றடம். கொப்புளம் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் வர வேண்டும். இப்படி நடந்துகொண்டால் கோடையிலும் ஒரு கேடும் வராது.

நான் டாக்டர் இல்லை ஐயா. கம்பவுண்டரும் இல்லை. அந்த கிளினிக்கில் எல்லோருக்கும் கொடுக்கும் ஒரு தாளில் இருப்பது இது. வரி தவறாமல் சொன்னேன். அந்தத் தாள் என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறது.

என் பெயர் மருதப்பன். இதோ பின்னால் இருக்கிற மதில், மூடிப்போன மில்லின் மதில். அதில் நூற்புப் பிரிவில் பதினேழு வருடம் வேலை செய்தேன். வேலைநிறுத்தத்தில் முதலில் வெளியே தள்ளிய ஆறு பேரில் நான் ஒருவன். மற்ற ஐந்து பேரும் மன்னிப்புக் கடிதம் கொடுத்து உள்ளே போனார்கள். நான் கொடுக்கவில்லை. எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. சங்கத்துக்காரர்கள் மில் கேட்டில் கொடுத்த பிட் நோட்டீஸ்தான் எனக்குப் பாடப் புத்தகம். ஒன்றுவிடாமல் படித்தேன். பிறகு நானே எழுதினேன். திண்டுக்கல்லில் பழைய ஆட்களிடம் 'நோட்டீஸ் மருதப்பன்' என்று கேட்டுப் பாருங்கள், வழி சொல்வார்கள். பேச்சும் அப்படியே அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது. என் மகள் கேலி செய்வாள்: "அப்பா, உங்ககிட்ட உப்பு எங்கன்னு கேட்டாக்கூட கண்டன உரையாத்தான் வருது."

மகள் பெயர் மணிமொழி. ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்பது வயதில் தாய் போய்விட்டாள். நான்தான் வளர்த்தேன். ஊர்வலத்தில் தோளில் வைத்து வளர்த்தேன் என்று மேடையில் சொல்வேன். உண்மையில் என் தங்கை செண்பகம் வீட்டில்தான் அதிக நாள் இருந்தாள்.

அவளுக்கு மேலுதட்டில் முடி. பதினான்கு வயதிலேயே வந்துவிட்டது. தாடையிலும் கொஞ்சம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஏதோ பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்றேன். சொன்னாள். நான் சிரித்தேன்.

"மீசை வெச்ச ஆம்பளைங்க இத்தனை வருசமா என்னத்தக் கிழிச்சிட்டாங்க? நீயும் வெச்சுக்க. யாரு கேக்குறா பாத்துருவோம்!"

நல்ல பதில் இல்லையா? ஆணும் பெண்ணும் சமம் என்ற பொருளில்தான் சொன்னேன். அடுத்த மகளிர் தினக் கூட்டத்திலும் இதைச் சொன்னேன், அவளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு. கைதட்டல் வந்தது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இருமல் என்று நினைத்தேன்.

படித்தாள். கணக்கு டீச்சர் ஆனாள். இதோ இந்தத் தெருக் கோடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடம், அங்கேதான் வேலை. மாதம் ஒருதரம் நூல் போட்டு எடுப்பாள், மறுபடி முளைக்கும். கரும்பலகையில் கணக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பும்போது கை தானாக வாய்க்குப் போகும் என்று செண்பகம் சொல்வாள். எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. எனக்கு அப்போது இந்த நிழற்குடைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஆமாம் ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதுதான். அப்போது இங்கே வெறும் கம்பம். மில் கேட் ஸ்டாப் என்று எழுதிய தகடு. ஒரு மரம் கிடையாது. வேலை முடிந்து வருகிற பெண்கள், பிள்ளை தூக்கியவர்கள், எல்லோரும் மொட்டை வெயிலில் நிற்பார்கள். அதற்கு முந்தைய கோடையில் ஒரு அம்மா மயங்கி விழுந்தார்கள் என்று மனுவில் எழுதினேன். பதினொரு மனு. இப்போது மேலே பாருங்கள், யார் பெயர் எழுதியிருக்கிறது? எம்எல்ஏ பெயர். தொகுதி மேம்பாட்டு நிதி. போகட்டும். பெயருக்காகப் போராடியவன் இல்லை நான். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எரிகிறது, அதை மறைக்கவும் மாட்டேன்.

அந்த வருடம் ஜனவரியில் மணிமொழி லேசர் வைக்க ஆரம்பித்தாள். என்னிடம் சொல்லவில்லை. நான் 'அழகு வியாபாரம்' என்று ஒரு நோட்டீஸே போட்டவன், எப்படிச் சொல்வாள்? ஆறு எட்டு தடவை போக வேண்டுமாம். மூன்றாவது தடவை மே மாதத்தில் வந்தது. டாக்டரம்மா கோடை முடியட்டும் என்றுதான் சொன்னார்களாம். இவள்தான், "லீவு விட்டாத்தான் டாக்டர் நான் வீட்டுக்குள்ள இருக்க முடியும். மாசம் பூரா வெளிய வரமாட்டேன்" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். சொன்னபடி இருந்தாள். ஜன்னலுக்கு என் பழைய பேனர் துணியை மடித்துத் தொங்கவிட்டாள். ஒரு குடை வாங்கினாள், வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளி பூசினது. இதோ, என் காலடியில் இருக்கிறதே, இதே குடைதான். பால் வாங்கப் போனால்கூடப் பிடித்துக்கொண்டு போவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

லேசர் வைத்தது ஒன்பதாம் தேதி. ஆர்ப்பாட்டம் பதினொன்றாம் தேதி.

இருங்கள். கீழ் மூலையும் கிளம்புகிறது. இப்படிச் சாய்ந்து முதுகைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

நாற்பது பேருக்கு போலீஸ் அனுமதி வாங்கியிருந்தேன். காலையில் பார்த்தால் பதிமூன்று பேர். அதில் இரண்டு பேர் போலீஸ். பெரிய பேனர், 'நிழல் கொடு' என்று ஆளுயர எழுத்து, ஒரு முனையைப் பிடிக்கத் தெம்பான ஆள் இருக்கிறது, மறுமுனைக்கு இல்லை. வீட்டுக்கு ஓடினேன்.

"மணி, கெளம்பு. பேனர் பிடிக்க ஆளில்ல."

"அப்பா, இன்னிக்கு வேணாமே. டாக்டர் வெயில்ல போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அப்போதுதான் லேசர் விஷயத்தைச் சொன்னாள். ரெண்டே வார்த்தையில். எனக்கு வந்த கோபத்தில் கேட்டேன்: "ரோடு போடுற பொம்பளைக்கு எந்த டாக்டர் வெயில் ஆகாதுன்னு எழுதிக் குடுத்தான்?"

இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வரி. மேடையில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் கை தட்டியிருப்பார்கள்.

அவள் முகத்தில் கிரீம் தடவிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பின்னாலேயே வந்தாள். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான், கூப்பிட்டால் வந்துவிடுவாள். இந்த இடத்தில்தான், அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில், குடையை விரித்தாள். எதிரே பத்திரிகைக்காரர் கேமராவை எடுக்கிறார்.

"மடக்கு மணி."

"அப்பா..."

"நிழல் கேட்டுப் போராடுறவங்க குடை பிடிச்சிட்டு நின்னா எப்படி? நாளைக்குப் பேப்பர்ல பாத்து ஊரே சிரிக்கும். மடக்கு."

மடக்கினாள். பேனருக்கு இரண்டு கையும் வேண்டும், அதுவும் இருக்கிறது அல்லவா. குடையைக் காலடியில் வைத்தாள். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றினாள், நான் அதையும் எடுக்கச் சொன்னேன். மூடிய முகத்தோடு போராடினால் பயந்து போராடுகிறார்கள் என்று ஆகிவிடும். ஒரு மணி நேரம்தான் ஐயா. பத்தரைக்கு ஆரம்பித்தோம். நான் முழக்கம் கொடுத்தேன், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தாசில்தார் வந்து மனுவை வாங்கியது ஒன்றரைக்கு.

சாயந்திரமே சிவந்துவிட்டது. மறுநாள் மேலுதட்டில் சின்னச் சின்னக் கொப்புளம். நான் கற்றாழை உடைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு கிளினிக்குக்குப் போனாள். கொப்புளம் அடங்கி, உரிந்து, அந்த இடம் கறுத்துப்போயிற்று. எங்கே முடி இருந்ததோ சரியாக அதே இடம். முடியாவது நூல் போட்டால் போகும். இது போகவில்லை.

டாக்டரம்மா அவளிடம், "பயப்படாதீங்க, ஆறு மாசத்துல தெளிஞ்சிரும். கிரீம் போடுங்க, வெயில்ல மட்டும் போகாதீங்க" என்று சொன்னார்களாம். என் மகள் அதை நம்பினாள். கிரீம் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தவறு செய்தவர்கள் எப்போதும் பொறுத்திரு என்றுதான் சொல்வார்கள். மில் நிர்வாகமும் அதைத்தான் சொன்னது. அந்தப் படி ஏறினேன். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"பொண்ணு மூஞ்சிய என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "ஐயா, வெயில்ல நிக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்தோமே" என்றார்கள்.

"எங்க எழுதிக் குடுத்தீங்க? காட்டுங்க! காட்டுங்க பாப்போம்!"

நோட்டீஸ் எழுதியவனிடமே நோட்டீஸ் கொடுத்தோம் என்கிறார்களே என்று ஆத்திரம். படி இறங்கும்போதே மனதில் வாசகம் ஓட ஆரம்பித்துவிட்டது. 'அழகு வியாபாரிகளே, பதில் சொல்லுங்கள். ஆசிரியை மணிமொழியின் முகத்துக்கு நீதி எங்கே?' படம் இல்லாமல் யார் படிப்பார்கள்? படம் இருந்தது. கொப்புளம் வந்த அன்று டாக்டருக்கு அனுப்ப என் போனில்தான் எடுத்தாள், அவள் போனில் கேமரா கெட்டிருந்தது. நேராகப் பார்த்து எடுத்த படம். வாயை மூடி, கண்ணை அகல வைத்து. அதை அச்சகத்தில் கொடுத்தேன். முன்னூறு அடித்தேன்.

அவளிடம் கேட்டேனா என்று பார்க்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. செண்பகமும் இதையேதான் கேட்டாள். பாதிக்கப்பட்டவருக்காகப் போராடும்போது அவரிடம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டிருந்தால் எந்தப் போராட்டமும் நடக்காது ஐயா. நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். அதுவும் அவள் என் மகள்.

பசையை நானே காய்ச்சினேன். மைதா மாவு, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம், கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும், இறக்கும்போது தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரம் ஒரு கை. நான் ஒட்டினால் சுவர் பெயர்ந்தால்தான் தாள் வரும் என்று எதிர்க்கட்சிக்காரனே சொல்வான். இரண்டு நாள் அலைந்து முன்னூறையும் ஒட்டினேன். பேருந்து நிலையம், மார்க்கெட், இந்த மதில், அங்கிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வழிநெடுக. இந்த மதிலில் ஒட்டியதுதான் கடைசி, முன்னூறாவது.

அவள் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் தெரியவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனாள். சாயந்திரம் வந்தாள், முகம் கழுவினாள், துடைத்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை அடிச்சீங்கப்பா?"

"முன்னூறு."

"மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் ஒட்டியாச்சு."

பெருமையாகத்தான் சொன்னேன். மனதுக்குள் அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட ஒரு எண்ணம். அவள் தலையாட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பார்க்கிறேன், சுவரொட்டியில் எல்லாம் மீசை. கரிக்கட்டையால் வரைந்தது, மார்க்கர் பேனாவால் வரைந்தது. முறுக்கு மீசை, அரிவாள் மீசை. பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த ஒன்றையும் விடவில்லை. படம் கண்டால் மீசை வரைவது எங்கேயும் நடப்பதுதான், தலைவர்கள் படத்துக்கே வரைவார்கள், அவளைக் குறிவைத்து வரைந்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் செண்பகத்திடம் சொன்னேன். அவள் என் முகத்தில் துப்பாத குறை.

மூன்றாம் நாள் மணிமொழி போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. வீட்டில் இருந்த அவள் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். சின்ன வயதுப் படம், பட்டம் வாங்கிய படம், அம்மா மடியில் இருக்கிற படம். சட்டத்தை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டாள். என் போனில் இருந்ததையும் அழித்திருக்கிறாள். அச்சகத்தில் போய்க் கேட்டேன், "அன்னிக்கே உங்க பொண்ணு வந்து அழிக்கச் சொல்லிட்டாங்கண்ணே" என்றான். கணக்கு டீச்சர் அல்லவா, மீதி வைக்காமல் கழித்துவிட்டாள்.

குடையை மட்டும் விட்டுப் போனாள்.

பிறகு ஒரு வாரம் கழித்து அந்த ஆர்ப்பாட்டக் காகிதங்களைக் கோப்பில் வைக்க எடுத்தேன். என் முழக்கங்களை எல்லாம் நான் சேர்த்து வைப்பேன், நாளைய தலைமுறைக்கு வேண்டும். அன்று காலை அவசரத்தில் மேஜைமேல் கிடந்த ஒரு தாளை எடுத்து அதன் வெற்றுப் பக்கத்தில் முழக்கம் எழுதியிருந்தேன். நல்ல வழவழப்பான தாள். 'நிழல் கொடு, நிழல் கொடு, உழைப்பவனுக்கு நிழல் கொடு.' அதைத் திருப்பினேன். கிளினிக் கொடுத்த தாள். நான் முதலில் சொன்னேனே, அத்தனையும் அதில் இருந்தது. 'இரண்டு வாரம் வெயில் படக் கூடாது' என்ற வரிக்குக் கீழே அவள் பேனாவால் கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் தேதி எழுதியிருந்தாள், ஒன்பதில் இருந்து இருபத்துமூன்று வரை.

யோசித்துப் பாருங்கள் ஐயா. அந்தத் தாளை நான் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படிக்கிறேன். அவள் எனக்கு எதிரே நாலடியில் பேனரைப் பிடித்து நிற்கிறாள். என் பக்கம் என் எழுத்து. அவள் பக்கம் அந்த எழுத்து. பத்தரையில் இருந்து ஒன்றரை வரைக்கும் அவள் கண்ணுக்கு முன்னால் அந்த வரி இருந்திருக்கிறது. நான் 'நிழல் கொடு' என்று கேட்கிறேன், அவள் தாளைப் பார்த்துக்கொண்டே 'நிழல் கொடு' என்று திருப்பிச் சொல்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அப்பா, தாளைத் திருப்பிப் பாருங்கள் என்று? அதுதான் எனக்கு அவள்மேல் வருத்தம்.

நான் கிழிக்க ஆரம்பித்தேன். காலை ஐந்து மணிக்கு வாளியில் தண்ணீர், கொத்தன் கரண்டி, எடுத்துக்கொண்டு கிளம்புவேன். என் பசை ஐயா. வரவில்லை. முகம் முகமாக வராது. நெற்றி தனியாக, கன்னம் தனியாக, நகம் நகமாகத்தான் பெயரும். ஒரு முகத்தைச் சுரண்ட அரை மணி நேரம். கடைசிவரை கண்தான் நிற்கும். இருநூறுக்கு மேல் சுரண்டினேன். சுரண்ட முடியாத இடங்களில் மேலே வேறு ஒட்டினேன், கல்யாணம், காதணி, கோயில் கொடை, எது கிடைத்தாலும். ஆனால் ஒவ்வொரு கத்திரிக்கும் மேலே ஒட்டியது காய்ந்து சுருண்டு விழும். அடியில் அவள் வருவாள். போன வருடம் மார்க்கெட் பக்கம் ஒரு 'கண்ணீர் அஞ்சலி' பாதி கிழிந்து, அந்த எழுத்துக்குக் கீழே இறந்தவருடைய படம் போய், என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்காரி ஒருத்தி, "பாவம், சின்னப் பொண்ணு. என்ன சீக்கோ" என்றாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு எங்கே சுவரைப் பார்த்தாலும், அங்கே ஒன்றும் ஒட்டாத சுவராக இருந்தாலும்கூட, கொஞ்ச நேரம் பார்த்தால் உள்ளே இருந்து மேலே வருகிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்திருக்கிறேன். என் வீட்டு அடுப்பங்கரைச் சுவரில் பார்த்திருக்கிறேன்.

அவள் முகம் சரியாகிவிட்டதாம். டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஆறு மாதத்தில். பிறகு பெங்களூரில் மீதித் தடவைகளையும் முடித்துவிட்டாளாம், மழைக்காலமாகப் பார்த்து. ஒரு தழும்பு இல்லையாம். செண்பகம் வீடியோவில் பார்த்தாளாம். எனக்குக் காட்ட மாட்டாள். ஆகவே எனக்குத் தெரிந்த முகம் சுவரில் இருப்பதுதான்.

அப்படி மேலே வந்ததையும் விடாமல், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டேன். ஒன்றைத் தவிர.

இந்தக் காதணி விழாவுக்குப் பின்னால் இருப்பதுதான் அது. இதில் மீசை இல்லை. இது ஒன்றில்தான் இல்லை. யாரும் வரைவதற்கு முன்னால், இரண்டாம் நாளே, மேலே வேறு ஒருவன் கட்சிச் சுவரொட்டி ஒட்டிவிட்டான். அவன் யாரோ, நல்லா இருக்கட்டும். இதை முழுசாகப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தேன். ஈரத் துணி வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை, காதோரம், விரல் அளவு கிழிந்தது. உயிரே போன மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். அவள் படம் வேறு ஒன்றும் என்னிடம் இல்லை ஐயா. வருடத்தில் ஒருநாள் மேல்தாளை எடுத்துவிட்டுப் பார்ப்பேன். பிறகு மூடிவிடுவேன்.

ஆகவே கிழிக்கவும் முடியாது, தெரியவும் கூடாது. இன்றைக்கு முக்கியமாகத் தெரியக் கூடாது.

செண்பகம் விழுந்து இடுப்பில் ஆபரேஷன். அவளைப் பார்க்க மணிமொழி வருகிறாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. மதியம் ஒன்று பத்து மணி வண்டியில் இந்த ஸ்டாப்பில்தான் இறங்கியாக வேண்டும். செண்பகம் போனில் சொன்னாள்: "உன்னப் பாக்க வரலண்ணே, என்னப் பாக்க வர்றா. மூடிக்கிட்டு வீட்டுல கெட. ஸ்டாப்புல போய் நிக்காத." நிற்க வரவில்லை ஐயா. சுவரைப் பார்த்துக்கொள்ள வந்தேன். அவள் இறங்கும்போது நேர் எதிரே இந்தச் சுவர்தான் தெரியும். அதில் அவள் முகம் தெரிந்தால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாள். நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேனா என்றால், அது தெரியாது. வாழ்நாளில் எழுதிக் கொடுக்காத கடிதம் அது. குடையைக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன்.

அதோ உங்கள் மகள் படியில் நிற்கிறாள். கையைக் காட்டி நிழலிலேயே நிற்கச் சொல்லுங்கள். துப்பட்டாவைச் சுற்றட்டும். வெட்கம் ஒன்றும் இல்லை அதில், பயமும் இல்லை. சுற்றட்டும்.

ஐயோ, இந்தப் பக்கம் முழுக்கக் கிளம்பிவிட்டதே. ஒரு கை போதாது. இருங்கள், எழுந்து நின்று முதுகு முழுக்கக் கொடுக்கிறேன், இப்படிக் கையை விரித்து. இப்போது தெரிகிறதா? கண் தெரிகிறதா? தெரியவில்லையே? வெயில் என் காலுக்கு வந்துவிட்டது, பரவாயில்லை.

வண்டி வந்துவிட்டது.

ஒருவர். இரண்டு பேர். அந்தக் கிழவி. பிறகு... அதோ. வெள்ளைத் துப்பட்டா. முகத்தை மூடியிருக்கிறாள். பையை இடது தோளில் போடுகிறாள், வலது கையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும், அதனால் பழக்கம். அவள்தான். குடை இல்லை. வெறும் வெயிலில் நின்றுகொண்டு பார்க்கிறாள்.

இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

ஐயா, எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். என்னால் அசைய முடியாது. அசைந்தால் பின்னால் தாள் விழுந்துவிடும். இந்தக் குடையை எடுங்கள். விரித்தே கொண்டுபோங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம், உள்ளே வெள்ளி இருக்கிறதைப் பார்த்தால் அவளுக்கே தெரியும்.

சீக்கிரம் போங்கள் ஐயா. வெயிலில் நிற்கிறாள்.